படத்தில் தெரிந்த முள்ளு

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, கீழே விழுந்த பொருளை எடுக்கும் விதத்துக்காக எங்கள் கடற்கரை முழுவதும் என்னைப் புகழ்ந்தது. மற்றப் பிள்ளைகளைப்போல நான் குனிய மாட்டேன். முதுகை நேராக வைத்துக்கொண்டு, ஒரு கையைத் தொடையில் ஊன்றி, மெல்லக் குந்தி, பொருளை எடுத்து, அதே மாதிரியே எழும்புவேன். பாவாடைக் கரை கணுக்காலை விட்டு மேலே ஏறாது.

அப்பாவின் தங்கையான மாமிக்கு இதைப் பார்த்து அப்படியொரு பெருமை. கிணற்றடியில் நாலு பெண்கள் கூடியிருந்தால், வேண்டுமென்றே ஒரு சிரட்டையைக் கீழே போட்டு என்னை எடுக்கச் சொல்லுவார்.

"பாத்தீங்களோடி? இதுவெல்லோ பொம்பிளைப் பிள்ளை! என்ர ரெண்டும் இருக்குதுகளே, புல்லுக்குக் குனிஞ்ச மாடுகள்."

மாமியின் பெண்பிள்ளைகள் இரண்டு பேரும் என்னைக் கண்ணால் எரிப்பார்கள். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அதையும் அடக்கம் என்று சொன்னார்கள்.

உண்மை என்னவென்றால் எனக்குக் குனிய ஏலாது. குனிந்தால் நடு முதுகிலிருந்து ஒரு தீ புறப்பட்டு வயிற்றைச் சுற்றிக்கொண்டு வரும். முதலில் அது விடியற்காலையில் மட்டும் இருந்தது. பிறகு பள்ளிக்கூட வாங்குப் பலகையில் இருக்கும்போதும் வந்தது. நோகிறது என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் புகழ்ந்துகொண்டிருக்கும் ஆட்களிடம் நோகிறது என்று எப்படிச் சொல்வது? ஒன்பது வயதில் எனக்கு அந்தத் துணிவு வரவில்லை.

திருகோணமலைத் துறைமுகத்தை விட்டு வெள்ளைக்காரக் கடற்படை போய் ஐந்தாறு வருசம் ஆகியிருந்த காலம் அது. எங்கள் வீடு பட்டணத்துக்கு வடக்கே, மணலில் இருந்தது. அப்பா கடலுக்குப் போவார். அம்மாவுக்கு வீடும் கோயிலும்தான் உலகம். வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்குப் போகாமல் அவர் பச்சைத் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு எண்ணெய் வைத்து முழுக வார்க்கும்போதுதான் அம்மாவின் கை என் முதுகில் நின்றது. தேய்த்துக்கொண்டு போன விரல் ஓரிடத்தில் நின்று, திரும்பி வந்து, மறுபடியும் அங்கேயே நின்றது.

"இதென்ன பிள்ளை, முடிச்சு மாதிரி?"

எனக்கு எப்படித் தெரியும்? என் முதுகை நான் கண்டதில்லை. அம்மா அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டவில்லை. வாளித் தண்ணீரை என் தலையில் ஊற்றியபடி அழுதார். தண்ணீரோடு தண்ணீராகப் போனதால் நான் காணவில்லை என்று நினைத்திருப்பார். பெண் பிள்ளைக்குக் கூன் விழுந்தால் அவளை யார் கேட்டு வருவார்கள் என்பதுதான் அவருடைய முதல் பயம் என்று பிறகு சொன்னார். உயிர்ப்பயம் பிறகுதான் வந்ததாம்.

நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியார் வந்தார். இரண்டு பெருவிரலாலும் அமத்திப் பார்த்துவிட்டு நாரிப்பிடிப்பு, முதுகுத் தசை பிடித்திருக்கிறது என்றார். மூன்று நாள் எண்ணெய் போட்டு உருவினார். அவர் உருவும்போது நான் போட்ட சத்தத்தில் மூன்றாவது வீட்டு நாய் குரைத்தது. நாலாம் நாள் எனக்கு நிமிர்ந்து இருக்கவும் ஏலாமல் போனது.

அதன்பிறகு அம்மா தன் வழிக்குப் போனார். அம்மன் சந்நிதியில் நின்று நேத்தி வைத்தார். பிள்ளையின் முதுகு சுகப்படும்வரை எங்கள் குசினிக்குள் மீன் ஏறாது, வீட்டில் ஒருவர் வாயிலும் மீன் படாது, சுகம் வந்ததும் வெள்ளியில் ஒரு முதுகு செய்து போடுவேன் என்பதுதான் நேத்தி. தட்டாரிடம் கேட்கப் போன அப்பா வெறுங்கையோடு திரும்பி வந்தார். கண் இருக்கிறதாம், கை இருக்கிறதாம், கால் இருக்கிறதாம். முதுகுக்கு அச்சு இல்லையாம். இதுவரை ஒருவரும் கேட்டதில்லை என்று தட்டார் சொன்னாராம்.

வள்ளம் நிறைய மீன் கொண்டுவரும் மனுசன் அன்றிலிருந்து பருப்பும் கீரையும் தின்றார். சோற்றைப் பிசைந்துகொண்டு கடலை மட்டும் பார்ப்பார்.

நேத்தியை முறித்தவள் நான்.

அம்மாவின் தம்பி ஒருவர் இருந்தார். எனக்குத் தாய்மாமா அவர் ஒருவர்தான். பகலில் துறைமுகத்தில் கப்பலுக்கு மூட்டை ஏற்றும் வேலை. வேலை முடிந்தால் கரையிலுள்ள எங்கள் வாடிக்கு வந்துவிடுவார். வலையும் தண்டும் வைப்பதற்காக அப்பா கட்டிய ஓலைக்குடில் அது. படுக்கையும் சமையலும் அவருக்கு அங்கேதான். கலியாணம் செய்யாத ஆம்பிளை அக்கா வீட்டில் இருந்து தின்னக்கூடாது என்பது அவருடைய ரோசம்.

பள்ளிக்கூடம் விட்டுப் பின்னேரம் நான் அங்கே போவேன். முதுகு நோகத் தொடங்கியபிறகு மற்றப் பிள்ளைகளோடு ஓடி விளையாட ஏலாது. மாமா வலைக்குவியலில் எனக்கு ஓர் இடம் செய்து தருவார். சாய்ந்துகொண்டால் நோவு கொஞ்சம் அடங்கும். சிரட்டை நெருப்பு மூட்டி மீன் சுடுவார். ஓலைக்குடிலுக்குள் புகை நிரம்பும். அவர் இருமுவார். இருமி முடித்து, வாயைத் துவாயால் துடைத்துக்கொண்டு, முழு மீனில் முள்ளை மட்டும் ஒரே இழுவையில் பிரித்தெடுப்பார். அது அவருடைய வித்தை. தலையிலிருந்து வால்வரை ஒரு முள்ளும் உடையாது. அதை வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டுவார்.

"மருமோள், இஞ்ச பார். ஏணி."

நான் சிரிப்பேன். சதை முழுவதும் எனக்கு. ஒரே தட்டில்தான் சாப்பிடுவோம். நேத்தி வைத்த பிறகு முதல்நாள் நான் தட்டைத் தள்ளிவிட்டேன்.

"ஏன், அம்மனுக்குப் பயமோ?"

"அம்மா நேத்தி வைச்சிருக்கிறா."

"அம்மனுக்கு மீன் மணம் பிடிக்காதெண்டால், அவ ஏன் கடலுக்குப் பக்கத்தில வந்து குடியிருக்கிறா? கண்டிக்குப் போயிருக்கலாமே? சாப்பிடு. மெலிஞ்சு தும்புத்தடி மாதிரிப் போனாய்."

மீன் மணத்தது. சாப்பிட்டேன்.

பிறகு மாமா முள்ளை மணலில் தோண்டிப் புதைத்தார். புதைத்துவிட்டு என் முகத்தைப் பிடித்துச் சொன்னார். "ரெண்டு கதை அக்காட்டப் போகக்கூடாது. ஒண்டு, மீன் கதை. மற்றது, நான் இருமிற கதை. அவ சும்மா பயந்து ஊரைக் கூட்டுவா. துறைமுகத்தில கேள்விப்பட்டால் நாளைக்கே என்னை நிப்பாட்டிப் போடுவாங்கள். ஆரும் கேட்டால் என்ன சொல்லுவாய்?"

"புகைக்குத்தான் இருமிறவர் எண்டு சொல்லுவன்."

"என்ர மருமோள்!"

அன்றிலிருந்து அந்த இரண்டு கதைகளையும் நான் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். கிழமைக்கு இரண்டு தரமாவது மீன் சாப்பிட்டேன். முதுகு மோசமாகிக்கொண்டே வந்தது. ஏன் மோசமாகிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன். அம்மா விளக்கு வைத்துக் கும்பிடும்போது நான் அம்மனின் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்ப்பேன். பிறகு என் கால் மணலில் தடக்கத் தொடங்கியது. கல் இல்லாத இடத்தில் தடக்கி விழுந்தேன். பெருவிரல் நான் சொன்ன சொல் கேட்கவில்லை. அம்மன் காலையும் எடுக்கப் போகிறா என்று எண்ணினேன். ஒருவரிடமும் சொல்லவில்லை.

அப்பாவிடம் மீன் எடுக்க, கிண்ணியாவிலிருந்து துறை கடந்து ஒரு வியாபாரி வருவார். நாங்கள் நானா என்போம். வெள்ளைத் தொப்பி, கறுப்புத் தாடி, சத்தமான ஆள். ஒருநாள் வாசலில் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது அவருடைய பாக்குவெட்டி கை தவறி விழுந்தது. நான் போய் என் வழக்கப்படி குந்தி எடுத்துக் கொடுத்தேன். புகழ்ச்சிக்காகக் கொஞ்சம் நின்றேன்.

நானா புகழவில்லை. பாக்குவெட்டியை வாங்காமல் என்னையே பார்த்தார்.

"தம்பி, இந்தப் புள்ள எவ்வளவு நாளா இப்படிக் குந்துது?"

அப்பா சிரித்தார். "அது அவளின்ர அடக்கம் நானா. ஊரெல்லாம் அதுதான் கதை."

"அடக்கமில்ல தம்பி. இந்தப் புள்ளைக்குக் குனிய ஏலா. என்ட கூடப்பொறந்த ராத்தாட மகனும் இப்படித்தான் குந்தினான். நாங்களும் சிரிச்சிக்கிட்டுத்தான் பாத்த. இப்ப அவன் பாய்ல கிடக்கான்." குரல் தணிந்தது. "அல்லாட பேரால சொல்றன். நாளைக்கே பெரிய ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போங்க. முதுகப் படம் புடிக்கச் சொல்லுங்க."

அப்பாவின் சிரிப்பு முகத்திலேயே காய்ந்துபோனது. குசினி வாசலில் நின்ற அம்மா நெஞ்சில் கை வைத்தார். இன்றைக்கும் நான் அம்மனைக் கும்பிடும்போது அந்த நானாவுக்கும் சேர்த்துத்தான் கும்பிடுகிறேன். அம்மன் எந்த வாயால் பேசுவா என்று எங்களுக்குத் தெரியுமா?

படம் என்றதும் எனக்கு முதலில் பட்டணத்துப் படப்பிடிப்புக் கடைதான் நினைவுக்கு வந்தது. பவுடர் போட்டுப் பூ வைத்து நிற்கலாம் என்று எண்ணினேன். மாமியின் மூத்த மகள் அதைக் கெடுத்தாள்.

"பவுடரோ? அது வெளியில எடுக்கிற படமில்லையடி. உள்ளுக்க எடுக்கிற படம். சட்டை, தோல், சதை எல்லாத்துக்கும் உள்ளால பாக்குமாம். வயித்துக்குள்ள என்ன கிடக்கெண்டும் தெரியுமாம்."

"திண்டதும் தெரியுமோ?"

"பின்னை? போன கிழமை திண்டதும் தெரியும்."

புல்லுக்குக் குனிந்த மாடு என்ற பேருக்கு அவள் பழி தீர்த்துக்கொண்டாள் என்று இப்போது விளங்குகிறது. அன்றைக்கு நான் அதை நம்பினேன். இரண்டு நாளைக்கு முன்புதான் மாமாவோடு மீன் சாப்பிட்டிருந்தேன். அன்று முழுவதும் ஒன்றும் தின்னாமல் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தேன். வேப்பங்கொழுந்து மென்றேன். உள்ளே இருப்பதையெல்லாம் அது கழுவிவிடும் என்பது என் கணக்கு. பயத்தில் தின்னாமல் இருக்கிறேன் என்று அம்மா தலையைத் தடவினார். அந்தக் கை சுட்டது.

ஆசுப்பத்திரியில் டொக்டர் ஐயா என்னை நடக்கச் சொன்னார், முதுகைத் தட்டினார், ஒரு சிறு சுத்தியலால் முழங்காலில் அடித்தார். கால் தன்பாட்டில் துள்ளியது. பிறகு தன் தீப்பெட்டியைக் கீழே போட்டு எடுக்கச் சொன்னார். என்னுடைய அடக்கத்தை என்னால் ஏலுமான அளவு அழகாகச் செய்து காட்டினேன். அவர் அதைப் பார்த்துக் கடதாசியில் எழுதினார்.

படம் பிடிக்கிற அறைக்கு யன்னல் இல்லை. மேசை இரும்புபோலக் குளிர்ந்தது. மேலே ஒரு பெரிய கறுத்த மூக்கு என் வயிற்றைப் பார்த்துக்கொண்டு தொங்கியது. படம் பிடிக்கிற ஐயா வெளியே போய் ஒரு தட்டிக்குப் பின்னால் நின்றார். எல்லாரும் பயந்து விலகும் இடத்தில் என்னை மட்டும் ஏன் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

"மூச்சை அடக்கு பிள்ளை. அசையாதை."

மூச்சை அடக்கினேன். அடக்கிக்கொண்டே, அவர் காணாதபடி இரண்டு கையையும் மெல்ல எடுத்து வயிற்றின்மேல் வைத்து மூடினேன். இயந்திரம் உறுமியது.

கொஞ்ச நேரத்தில் அந்த ஐயா தண்ணீர் சொட்டும் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இதென்ன, பத்து விரலும் விழுந்திருக்கு? ஆரின்ர விரல் இது, என்ரயோ?" அம்மா மன்னிப்புக் கேட்டார். இரண்டாவது தரம் அம்மாவே என் கைகளைத் தலைக்கு மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அதன்பிறகு என்னைச் சரித்துக் கிடத்திப் பக்கவாட்டிலும் ஒரு படம். நான் உள்ளுக்குள் அம்மனைக் கெஞ்சினேன். கால் போனாலும் போகட்டும், மீன் மட்டும் தெரியக்கூடாது என்று கேட்டேன். அப்படியும் கேட்பார்களா என்று இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. ஆனால் அப்படித்தான் கேட்டேன்.

டொக்டர் ஐயாவின் அறையில் சுவரோடு ஒரு வெளிச்சப் பெட்டி இருந்தது. முதல் படத்தை அதில் மாட்டி விளக்கைப் போட்டார். அப்பா, அம்மா, ஒரு நேர்ஸ், நான். எல்லாரும் பார்த்தோம்.

கறுப்புக்கு நடுவே வெள்ளையாக ஒரு தண்டு. அதற்கு இரண்டு பக்கமும் வரிசை வரிசையாக வளைந்த முட்கள். வெயிலுக்கு நேரே பிடித்த அதே ஏணி.

டொக்டர் ஐயா விரலை வைத்தார். "இதுதான் முள்ளு. வடிவாத் தெரியுது பாருங்கோ. பிழை இந்த முள்ளிலதான்."

என் வயிற்றுக்குள் வைத்திருந்த கதை வாய்க்கு வந்துவிட்டது.

"நான் முள்ளு விழுங்கேல்லை! சதை மட்டும்தான் சாப்பிட்டனான்! முள்ளை மாமா புதைச்சுப் போட்டார்! அம்மாளாணை, நான் விழுங்கேல்லை!"

நேர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். டொக்டர் ஐயாவும் சிரித்தார். "பிள்ளை, இது மீன் முள்ளு இல்லை. உன்ர நாரி முள்ளு, முதுகெலும்பு. மீனுக்கும் இருக்கு, உனக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு."

அம்மா சிரிக்கவில்லை. "எந்த மாமா? எப்ப சாப்பிட்டனி?" என்று மட்டும் கேட்டார்.

டொக்டர் ஐயா இரண்டாவது படத்தை மாட்டினார். அதில் எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக, இடையிடையே கறுப்பு இடைவெளி விட்டு அடுக்கியிருந்தன. அப்பா கிட்டப் போய்ப் பார்த்தார். எழுதப் படிக்கத் தெரியாத அவர் அந்தப் படத்தைச் சட்டென்று படித்துவிட்டார்.

"கயித்தில மிதப்புக் கட்டை கோத்த மாதிரிக் கிடக்கு ஐயா."

"சரியாச் சொன்னீங்கள். கட்டைக்குக் கட்டை இடைவெளி இருக்குதெல்லோ? இந்த ரெண்டுக்கும் நடுவில பாருங்கோ."

"இல்லை. ஒட்டிப் போச்சு."

"ஒட்டினது மட்டுமில்லை. முன்பக்கம் எலி அரிச்ச மாதிரிக் கரைஞ்சிருக்கு. முன்னுக்குக் கரைய, மேல் எலும்பு முன்னால சரியுது. அதாலதான் பின்னால முடிச்சுத் தள்ளுது. வேற கட்டிகள் எண்டால் எலும்பைத் தின்னும், இடைவெளியைத் தின்னாது. இடைவெளியையும் சேர்த்துத் தின்னுறது கிருமி." அவர் குரலைத் தாழ்த்தினார். "கசம்."

காசநோய்க்கான அந்தச் சொல்லை எங்கள் பக்கத்தில் வாய்விட்டுச் சொல்லுவதில்லை. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். "கசம் நெஞ்சிலயெல்லோ வாறது ஐயா?"

"முள்ளுக்கும் வரும். சின்னப் பிள்ளையளுக்குக் கூட வரும். இதுக்குப் பின்னாலதான் காலுக்குப் போற நரம்பு. அதை அமத்தத் தொடங்கியிருக்கு."

"நடப்பாளோ?" என்று அப்பா கேட்டார். அவருடைய குரல் அப்படி உடைந்து அதற்கு முன்பும் பின்பும் நான் கேட்டதில்லை.

"இப்ப கொண்டு வந்தபடியால் முயற்சி செய்யலாம். இன்னும் ரெண்டு மாசம் போயிருந்தால் நான் வாய் திறக்க மாட்டன். இண்டைக்கே ஆசுப்பத்திரியில மறிக்க வேணும். மாக்கட்டில மாசக்கணக்காக் கிடக்க வேணும். ஊசி போட வேணும். அது சரி, வீட்டில ஆரும் கனநாளா இருமிறவையோ?"

"இல்லை ஐயா" என்றார் அப்பா. "ஒருத்தருமில்லை" என்றார் அம்மா. இருவரும் பொய் சொல்லவில்லை. மாமா எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசலில் நின்றுதான் கதைத்துவிட்டுப் போவார்.

டொக்டர் ஐயா என் பக்கம் திரும்பினார். முகத்தில் முந்திய சிரிப்பு இல்லை. குனிந்து என் உயரத்துக்கு வந்தார்.

"பிள்ளை, அந்த மீன் சாப்பிட்டது எவடத்தில?"

"வாடியில."

"மாமாவோட ஒரே தட்டிலயோ?"

"ஓம்."

"மாமா இருமிறவரோ?"

மீன் கதை போய்விட்டது. மற்றக் கதையையாவது காப்பாற்ற வேண்டும் என்று நெஞ்சை நிமிர்த்தினேன். மாமாவுக்குக் கொடுத்த வாக்கை ஓர் எழுத்தும் பிசகாமல் சொன்னேன்.

"புகைக்குத்தான் இருமிறவர்."

டொக்டர் ஐயா எழும்பி, ஒரு கடதாசியை எடுத்து எழுதி அப்பாவிடம் நீட்டினார். "வீட்டில உள்ள எல்லாரும் நெஞ்சுப் படம் எடுக்க வேணும். அவரை முதலில கூட்டிக்கொண்டு வாங்கோ. இண்டைக்கே." அப்பா கடதாசியை வாங்கி மடித்தார், விரித்தார், மறுபடியும் மடித்தார். நான் மட்டும் ஒரு கதையைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் இருந்தேன்.

மாவு குழைத்துச் சுற்றிக் காயவிட்ட மாக்கட்டுக்குள் எட்டு மாசம் கிடந்தேன். கழுத்துக்குக் கீழே தொடைவரை வெள்ளைச் சிப்பி. நாள்தோறும் ஊசி. ஊசிக்காரத் தாதியின் செருப்புச் சத்தம் நடையில் கேட்டாலே கண்ணை மூடிக்கொள்வேன். மாசத்துக்கு ஒருமுறை கட்டிலோடு தள்ளிக்கொண்டு போய் மறுபடியும் படம் எடுப்பார்கள். பழைய படத்தையும் புதிய படத்தையும் டொக்டர் ஐயா பக்கத்தில் பக்கத்தில் மாட்டிவைத்து வெகுநேரம் நிற்பார். அவர் திரும்பும்வரை அம்மாவின் உதடு அசைந்துகொண்டே இருக்கும். மூன்று தரம் "அப்படியே இருக்கு" என்றார். நாலாம் தரம் "எலும்பு கரையிறது நிண்டிட்டுது" என்றார். அன்றைக்கு அம்மா அந்தச் சீமெந்து நிலத்திலேயே விழுந்து கும்பிட்டார்.

இதற்கிடையில் இன்னொரு இக்கட்டு வந்தது. பிள்ளைக்கு மீனும் முட்டையும் பாலும் கொடுக்க வேண்டும் என்று டொக்டர் ஐயா கட்டளை போட்டிருந்தார். அம்மா இரண்டு நாள் தவித்தார். பிறகு கோயிலுக்குப் போய், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டிப் போட்டு அம்மனிடம் கேட்டார். சம்மதம் என்று வெள்ளைப் பூ வந்தது. மறுநாள் அவரே மீன் குழம்பு வைத்துக்கொண்டு வந்து, முள் பார்த்துப் பார்த்து எனக்கு ஊட்டினார். நேத்தியை முறித்ததற்காக அவர் என்னை ஏசவே இல்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

இன்றைக்கு நான் நடக்கிறேன். நாலு பிள்ளை பெற்றேன். முதுகில் ஒரு சின்ன மேடு இருக்கிறது, சேலைத் தலைப்பு அதை மறைத்துவிடும். மாமாவின் நெஞ்சுப் படத்தில் இரண்டு பக்கமும் ஓட்டை இருந்ததாம். கொழும்புப் பக்கத்திலுள்ள நெஞ்சு ஆசுப்பத்திரியில் இரண்டு வருசம் கிடந்து சுகமாகி வந்தார். வந்த பிறகும் தனக்கென்று ஒரு கோப்பை, வாசலுக்கு வெளியே ஓர் இடம் என்று சாகும்வரை அப்படியே இருந்தார். என் பிள்ளைகளை அவர் தூக்கியதில்லை.

அவரை அனுப்பிய நாளை மட்டும் சொல்லி முடிக்கிறேன். நான் மாக்கட்டில் கிடந்த முதல் மாசம் அது. என் கட்டில் யன்னலோரம் இருந்தது. தலையை மட்டும்தான் திருப்ப ஏலும். ஒரு மத்தியானம் அம்மா வந்து, "மாமா றெயிலுக்குப் போறார், உன்னைப் பாத்திட்டுப் போக வந்திருக்கிறார்" என்று வெளியே காட்டினார். முற்றத்து வேப்பமரத்தின் கீழ் மாமா நின்றார். கையில் ஒரு துணிமூட்டை. துவாயை மூக்குக்கும் வாய்க்கும் மேலே சுற்றிக் கட்டியிருந்தார். கண் மட்டும் தெரிந்தது.

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. இருமல் கதையை நான் சொல்லவேயில்லை, புகை என்றுதான் சொன்னேன் என்று அவரிடம் சொல்ல வேண்டும். வாயருகே வந்து காது கொடுத்தால் போதும். "மாமா, இஞ்ச வாங்கோ!" என்று கூப்பிட்டேன்.

மாமா கையை உயர்த்தினார். ஆனால் ஓர் அடி பின்னால் வைத்தார்.

கேட்கவில்லை போலும் என்று இன்னும் உரத்துக் கூப்பிட்டேன். இன்னும் ஓர் அடி பின்னால் போனார். அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மீன் கதையை நான் சொல்லிவிட்டதற்குக் கோபம் என்று அந்த ஒன்பது வயதில் நான் விளங்கிக்கொண்டேன். நான் ஒவ்வொரு தரம் கூப்பிடும்போதும் அவர் ஓர் அடி பின்னால் போனார். மரநிழலும் முடிந்து வெயிலுக்குள் நின்றார்.

இனியும் கூப்பிட்டால் வாசல் படலையைத் தாண்டிப் போய்விடுவார் என்று பயந்து, நான் வாயை மூடிக்கொண்டேன்.